செத்தவீட்டுத் தொலைபேசி

என் மேசையில் இருந்த தொலைபேசியைக் கழற்றிவிட்டார்களாம். எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்த நிரோஜா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சுவரில் ஒரு வெளிறிய சதுரம், அதன் நடுவில் இரண்டு வயர் நுனிகள். கூடவே ஒரு குரல் செய்தி: "அன்ரி, இனி எல்லாம் கைப்பேசி அப்பிலைதான். ஆரும் ஆரோடையும் கதைக்கத் தேவையில்லை. நீங்கள் உந்தப் போனை வைச்சுக்கொண்டு நாள் முழுக்க என்னதான் செய்தனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன், எங்களுக்கும் தெரியட்டும்." பகிடியாகத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதாகத்தான் இருந்தது.

நான் பலெர்மோவில் ஒரு பத்ரோனாத்தோவில் வேலை செய்தேன். தொழிலாளருக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து, அவை கைகூடும்வரை பின்னால் அலைகிற உதவி அலுவலகம் அது. வியா மக்வேதாவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து இங்கு வந்து, பல வருடம் வீடுகளில் கூட்டித் துடைத்து, வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்களின் வாயிலிருந்து இத்தாலியம் பொறுக்கி, கோயிலில் எங்கள் சனத்துக்கு மொழிபெயர்த்து, அந்தப் பழக்கத்தில் வாரத்தில் ஒரு பின்னேரம் என்று அந்த அலுவலகத்துக்குப் போனேன். கடைசியில் அதுவே என் வேலையாகிவிட்டது. என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் டிசொக்குபசியோனே கேட்டு வந்தவர்கள். வேலை போனவருக்கு அரசாங்கம் கொஞ்சக் காலம் கொடுக்கிற கொடுப்பனவு. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால் அது நகரின் பெரிய கொடுப்பனவு அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பிறகு "பரிசீலனையில்" என்று ஒரு சொல் கணினித் திரையில் வந்து குந்திக்கொள்ளும். வாரங்கள் போகும், மாதங்களும் போகும், அந்தச் சொல் அசையாது. கேட்பதற்கு ஒரு எண் உண்டு. அழைத்தால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு பெண் சொல்லுவாள், பிறகு இசை வரும். அந்த இசையை நான் வீட்டில் மீன் வெட்டும்போதும் முணுமுணுப்பேன், என் மனுசனுக்கு விசர் வரும்.

சில நாட்களில் அந்த இசை நடுவிலேயே நின்றுவிடும். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நிமிர்ந்து உட்காருவேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய அறை இருப்பது தெரியும். யாரோ மூச்சு விடுவதும் கேட்கும். "புரொந்தோ" என்பேன். மூச்சு நிற்கும். இணைப்பு அறுந்துவிடும். அப்படி எத்தனை பேரின் மூச்சைக் கேட்டிருப்பேனோ தெரியாது. அவர்கள் யாரென்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் இப்படி என்றால் எங்கள் பக்கமும் ஒழுங்கில்லை. அல்பெர்கேரியாவில், சந்தைக்கு மேலேயுள்ள ஒரு வீட்டில், வன்னியிலிருந்து வந்த பெடியங்கள் கூட்டமாக இருந்தார்கள். எல்லோருடைய விண்ணப்பத்திலும் ஒரே தொலைபேசி எண். குகன் அண்ணையின் எண். அவர்தான் முதலில் வந்தவர், அவருக்குத்தான் கொஞ்சம் இத்தாலியம் தெரியும். அலுவலகத்திலிருந்து அழைத்து யாருடைய பெயரைக் கேட்டாலும் "சீ, சீ" என்று இத்தாலியத்தில் ஓம் போட்டு, "நான்தான்" என்பார். ஜெர்மனிக்குப் போய் எத்தனையோ காலமான ஒருவனைக் கேட்டபோதும், இங்கேதான் நிற்கிறான், நல்ல சுகம் என்று சொல்லியிருக்கிறார். நான் கூப்பிட்டுப் பேசினேன்.

"ஏனண்ணை, போனவனைப் போயிட்டான் எண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"அதெப்பிடியக்கா? ஒருத்தனை இல்லை எண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது?"

அப்போது சிரித்தேன். எங்கள் சனத்தின் வாயில் அந்த "இல்லை" எவ்வளவு கஷ்டப்பட்டு வரும் என்று எனக்குச் சரியாகப் புரிந்தது ஜசிந்தாவின் விஷயத்தில்தான்.

அதைச் சொல்ல முதல் தொத்தோரெசா மங்கானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தின் தலைவி. மெலிந்த பெண்மணி, ஓகஸ்ட் வெயிலிலும் கம்பளிச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்த அதிகாரியை அழைத்தாலும் முதலில் அவருடைய தாயின் சுகத்தை விசாரிப்பார். பேசும்போது கை சும்மா இராது, ஒரு மந்தரீன் தோடம்பழத்தை உரித்துக்கொண்டே இருக்கும். தோல் அறாமல் ஒரே நாடாவாக வந்துவிட்டால் அந்த விண்ணப்பம் நிச்சயம் கிடைக்கும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. அவருக்கும் அது தெரியும். அதனாலேயே அவசரப்படாமல் உரிப்பார்.

எனக்குத் தொலைபேசியில் பேசப் பழக்கியவர் அவர்தான். மணி தானாக அறுகிறவரைக்கும் வைக்காதே. அந்தப் பக்கத்து ஆள் தன் பெயரைச் சொல்லும்வரை நம் ஆளின் பெயரைச் சொல்லாதே. எல்லாவற்றுக்கும் முன், எடுத்தவுடனே வாயைத் திறக்காதே. "முதலில் அறையைக் கேள். ஆளைப் பிறகு கேட்கலாம்" என்பார். அறையில் பிள்ளை அழுகிறதா, வானொலி போகிறதா, காலடி எதிரொலிக்கிறதா என்று கேட்கச் சொல்லுவார். ஆட்கள் பொய் சொல்லலாம், அறை சொல்லாது என்பது அவருடைய கட்சி. எனக்கு இது ஆரம்பத்தில் விளையாட்டாக இருந்தது, போகப் போகப் பழக்கமாகிவிட்டது. இப்போதும் பிள்ளைகள் அழைத்தால் முதலில் பேசாமல்தான் இருக்கிறேன். "அம்மா, இருக்கிறியளோ?" என்று அதுகள் கத்துங்கள்.

ஜசிந்தா மன்னார்க்காரி. புருஷனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சிஞ்ஞோரா எலேனா என்ற முதியவரோடு வீட்டோடு தங்கி வேலை செய்தவள். சிஞ்ஞோராவுக்குப் பாரிசவாதம். பேச்சு அடியோடு நின்றுவிட்டது. ஒரே மகன் எஞ்சினியர், வடக்கே தொரீனோவில். வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவான்.

அவள் முதல்முறை என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, "டிசொக்குபசியோனே போடோணும் அக்கா" என்றாள்.

"ஏன், வேலை விட்டு நிப்பாட்டிப் போட்டினமோ?"

"அவவுக்கு இப்ப ஆள் வைச்சிருக்கேலாது."

"ஏனாம்?"

தன் கறுப்புச் சட்டையைத் தொட்டுக் காட்டினாள். சிஞ்ஞோரா இறந்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. வேலையும் போய், இருந்த வீடும் போய், அல்பெர்கேரியாவில் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் ஒதுங்கியிருந்தாள். பெர்மெசோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, முடியப் போகிற நேரம் வேறு. கொடுப்பனவு கிடைத்தால், வேலையில்லாமல் இருப்பதற்கு நியாயமும் கையில் வருமானமும் இருக்கிறது என்று பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், இத்தனை காலம் இருந்த நாட்டில் அவள் கள்ளக் குடியேறி. அவளுக்கு மன்னாரில் திரும்பிப் போக ஒரு கதவும் இருக்கவில்லை.

விண்ணப்பத்தை அனுப்பினேன். "பரிசீலனையில்" வந்து குந்தியது. ஒரு மாதம், பிறகு இன்னொரு மாதம். காரணம் எனக்குத் தெரியும். வேலை கொடுத்தவர் இறந்தால், வேலை முடிந்துவிட்டது என்று வாரிசு அறிவிக்க வேண்டும். மகன் அறிவிக்கவில்லை. அவனை அழைத்தால் எடுப்பதும் இல்லை. அலுவலகத்திலிருந்தும் அழைத்தேன், என் கைப்பேசியிலிருந்தும் அழைத்தேன். பலெர்மோவிலிருந்து போகிற எந்த அழைப்பையும் அவன் எடுக்கவில்லை. கல்நெஞ்சக்காரன், தாய் செத்ததும் வேலைக்காரியைக் கைகழுவிவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கடைசியில் தொத்தோரெசாவே கொடுப்பனவு அலுவலகத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். தாயின் சுகம் விசாரித்தாயிற்று. மந்தரீன் தோல் சுருள் சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று கை நின்றது.

"யார் சொன்னது?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்தத் தேதியில்?" பிறகு மெதுவாக, "நன்றி. தாயாரிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டார்.

"ஒப்பந்தத்தில் உள்ள வீட்டு எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள், ரோசலின். சிஞ்ஞோரா எலேனா எடுத்திருக்கிறார். ஜசிந்தா இன்னும் தன்னோடுதான் வேலை செய்கிறாள், இப்போது கீழே சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்."

"எப்போது?"

"அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு."

இறந்தவர் பேசினார் என்று எந்த அலுவலகமும் எழுதிக்கொள்ளாது. அவர்களுக்கு வந்த சந்தேகம் வேறு. யாரோ கிழவியாக நடிக்கிறார்கள், ஜசிந்தா அந்தக் குடும்பத்துக்கு ஒளித்து வேலை செய்துகொண்டே கொடுப்பனவும் கேட்கிறாள் என்று. விண்ணப்பம் விசாரணைக்குப் போய்விட்டது. மரணச் சான்றிதழை அனுப்பினோம். அது சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. செத்தது உண்மையென்றால் தொலைபேசியை எடுப்பது யார் என்று திருப்பிக் கேட்டார்கள்.

அன்று பின்னேரம் அந்த எண்ணை நானே அழுத்தினேன். மணி அடித்தது. நல்லாக அடித்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டில் அடிக்கிற மணிக்கு ஒரு வெறுமை இருக்கும், அதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. எடுத்தார்கள்.

நான் பேசவில்லை. அறையைக் கேட்டேன். சுவர்க்கடிகாரம் ஒன்று பெரிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், பொட்பொட்டென்று ஏதோ வெடித்தது.

"புரொந்தோ. யாரது?" முதிய குரல். கரகரத்த, பலெர்மோவில் பிறந்து வளர்ந்த ஒரு கிழவியின் குரல். சொற்களை இழுத்து விடுகிற விதம்கூட இந்த ஊர்ப் பழைய குடும்பங்களின் விதம்.

"ஜசிந்தா இருக்கிறாளா?" என்று இத்தாலியத்தில் கேட்டேன்.

"இருக்கிறாள். குசினியில் வேலையாக இருக்கிறாள்."

வைத்துவிட்டேன். எதிர் மேசையிலிருந்து தொத்தோரெசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறை எப்படி இருந்தது?"

"சமையல் நடக்கிறது."

"யார் சமைக்கிறார்கள்?"

"எங்கட ஆக்கள்தான் ஆரோ" என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இத்தாலியத்தில் சொன்னேன். பின்னால் வெடித்தது கடுகு. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். எந்தச் சிசிலியக் கிழவியும் தன் குசினியில் கடுகு தாளித்து நான் காணவில்லை.

வேலை முடிந்து நேரே அங்கே நடந்தேன். கட்டடத்தின் கதவுக்குப் பக்கத்தில் மரண அறிவித்தல் இன்னும் ஒட்டியிருந்தது, மழையில் நனைந்து பாதி உரிந்துபோய். மூன்று மாடி ஏறி மணியை அடித்தேன். ஜசிந்தாதான் கதவைத் திறந்தாள். ஒளிக்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை.

"வாங்கோக்கா. இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?"

வீடு துடைத்துப் பளிச்சென்று இருந்தது. சிஞ்ஞோராவின் நாற்காலிக்கு மேல் கால்போர்வை மடித்துப் போட்டிருந்தது. அதன் முன்னால் சின்ன மேசையில் அவருடைய படம், படத்துக்கு முன் எரிகிற விளக்கு, ஒரு தட்டில் சோறும் தாளித்த பருப்பும், இன்னொரு தட்டில் சாளை மீன் போட்ட பாஸ்தா. ஆவி பறந்துகொண்டிருந்தது. கதவுத் திறப்பை மகன்தான் விட்டுவிட்டுப் போனானாம், வீட்டை விற்க ஆள் வந்தால் திறந்து காட்டச் சொல்லி. இரவில் அல்பெர்கேரியாவில் படுத்தெழும்பி, பகலெல்லாம் இங்கேதான் நின்றிருக்கிறாள்.

"ஜசிந்தா, என்ன இது?"

"முப்பத்தொண்டு முடியுமட்டும் செத்தவீட்டிலை விளக்கு அணையக் கூடாது. அடுப்பு எரியோணும். வீடு ஆளில்லாமக் கிடக்கக் கூடாது. எங்கட ஊரிலை அப்பிடித்தானேயக்கா."

"முப்பத்தோராம் நாள் போய் எவ்வளவு காலம்!"

"நாள் போயிட்டுது. முப்பத்தொண்டு நடக்கேல்லையே. அதுக்குப் பிள்ளை நிக்கோணும், பூசை குடுக்கோணும், ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்கோணும். அவர் வரேல்லை. அதுக்குள்ளை எப்பிடி விளக்கை அணைக்கிறது?"

பெரிய அலுவலகத்தில் ஒரு சொல் அசையாமல் குந்திக்கொண்டிருக்கிறது, இங்கே ஒரு சடங்கும் அப்படியே நிற்கிறது. எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிழை விட வராது. செத்தவரின் சொந்தக்காரருக்கே தெரியாத ஒரு கடமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதற்காகத் தன் பெர்மெசோவைப் பணயம் வைத்திருந்தாள்.

"சரி. போனை ஆர் எடுத்தது?"

"நான்தான் எடுத்தனான்." அவள் நாற்காலியைப் பார்த்தாள். "ஆனா கதைச்சது நானில்லையக்கா."

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. நாற்காலிக்குப் பக்கத்தில், பழைய பெரிய கருவி. ஜசிந்தா போய் வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். இடது கையை நாற்காலியின் கைப்பிடியில், உள்ளங்கை மேலே பார்க்க, நீட்டி வைத்தாள். யாரோ அதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டது போல. பிறகுதான் வலது கையால் எடுத்தாள். "புரொந்தோ. யாரது?" என்றது அந்தக் கிழவியின் குரல். நான் பின்னேரம் கேட்ட அதே குரல், இப்போது எனக்குக் கிட்டத்தில், ஜசிந்தாவின் வாயிலிருந்து. மின்சாரக் கட்டணம் மலிவாக்கித் தருகிறோம் என்கிற விளம்பர அழைப்பு அது. குரல் அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டு வைத்துவிட்டது. யேசுவே என்று சொல்லிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன்.

பிறகு அவள் சாதாரணமாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள். சிஞ்ஞோராவுக்குப் பேச்சு நின்றதும், மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். அவர் ஜசிந்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அமத்தினால் ஓம், விட்டால் இல்லை. அவர் சொல்ல நினைப்பதை இவள் சொல்லுவாள். முதலில் தன் குரலில்தான் சொன்னாளாம். "போகப் போக அவவின்ரை குரல் தானா வந்திட்டுது. மோனும் 'மம்மா' எண்டுதான் கதைப்பார். நான் கதைக்கிறன் எண்டு அவருக்குத் தெரியும்தானே, பகிடி மாதிரி. அவவும் சிரிப்பா." மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "இப்பவும் பிடிக்கிறா. பிடிச்சா அந்தக் குரல்தான் வருது. நான் என்ன செய்ய?"

"நீ எடுத்து, சிஞ்ஞோரா செத்துப்போனா எண்டு சொல்லேலாதோ?"

"அவவுக்கு முன்னாலையோ?" என்றாள். என்னை ஒரு மரியாதை தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அடுத்த நாள் தொத்தோரெசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார், அல்லது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போ என்பார் என்று நினைத்தேன். அவர் தன் கைப்பேசியை எடுத்து மகனுக்கு ஒரு குறுஞ்செய்தி எழுதினார். "உயிரோடிருக்கும் ஒருவர் உங்களோடு பேச விரும்புகிறார்." தேத்தண்ணி ஆறுவதற்குள் அவன் அழைத்தான்.

நான் திட்டிய அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை. அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததாம். சாப்பிட்டாயா, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டாயா என்று கேட்டதாம். "அது ஜசிந்தா என்று எனக்குத் தெரியும், தொத்தோரெசா. தெரிந்தும் நான் 'சாப்பிட்டேன் மம்மா' என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே பயம் பிடித்துவிட்டது. அதன்பிறகு அந்த ஊரிலிருந்து வருகிற எதையும் நான் எடுப்பதில்லை." வேலை முடிந்துவிட்டதை அன்றே இணையத்தில் அறிவித்தான். பலெர்மோவுக்கு வரச் சொன்னபோது மட்டும் குரல் உடைந்தது. அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாது, என்னை மன்னியுங்கள் என்றான்.

அறிவித்தல் போய்ச் சேர்ந்தும் விசாரணை மூடப்படவில்லை. முதல் அழைப்பில் "வேலை செய்கிறாள்" என்று பதிவாகியிருப்பதால், அதே எண்ணுக்கு இன்னொருமுறை அழைத்து உறுதிசெய்ய வேண்டும், அதுதான் நடைமுறை என்றார்கள். எந்த நாள் காலையில் அழைப்பு வரும் என்பதைத் தொத்தோரெசா எப்படியோ கேட்டு வாங்கிவிட்டார். குவெஸ்தூராவில் ஜசிந்தாவின் முறை அந்த வாரக் கடைசியில். இந்த ஒரு அழைப்பில் கிழவி மறுபடி "இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

அன்று காலையிலேயே போய்விட்டேன். நானே எடுத்துப் பேசுகிறேன் என்றேன். "இந்த வீட்டுப் போனை நான்தான் எடுக்கிறது" என்று ஒரே பிடியாக நின்றாள். சரி, சொல்ல வேண்டியதையாவது பழகு என்று, சிஞ்ஞோரா இறந்துவிட்டார், நான் இங்கே வேலை செய்வதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். அவளுடைய வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. விளக்கை மட்டும் தூண்டிவிட்டாள். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மணி அடித்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து கையை நாற்காலியில் வைத்தாள். "அதை வைக்காதை!" என்று கத்தினேன். அதற்குள் எடுத்துவிட்டாள். சிஞ்ஞோராவுக்குக் காது மந்தம் என்பதால் அந்தக் கருவியின் ஒலியை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து இளைஞனின் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது. கொடுப்பனவு அலுவலகம் என்றான்.

"சிஞ்ஞோரா எலேனாவின் வீடுதானே? பேசுவது யார்?"

"எலேனா" என்றது கிழவியின் குரல்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

"ஜசிந்தா என்பவர் இன்னும் உங்களிடம் வேலை செய்கிறாரா, சிஞ்ஞோரா?"

கடிகாரம் ஓடியது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியில், யாரோ பிடியை விட்டுவிட்டது போல, ஜசிந்தாவின் விரல்கள் மெல்ல மடங்கிக்கொண்டிருந்தன.

"இல்லை."

"எப்போதிலிருந்து?"

"நான் செத்த நாளிலிருந்து."

நான் அவனுடைய அறையைக் கேட்டேன். வேறு தொலைபேசிகள் அடித்தன, யாரோ தூரத்தில் சிரித்தார்கள். அவனுடைய மூச்சு மட்டும் நின்றிருந்தது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் வைக்கவில்லை.

"சிஞ்ஞோரா... இங்கே பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது."

"பிறகென்ன மகனே? அவளுக்கு இனி இங்கே வேலை இல்லை. எழுதிக்கொள்."

அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதான். இறந்தவர்கள் நவம்பரில் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போகிற ஊர் இது. விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "எழுதிவிட்டேன். விசாரணையை மூடுகிறேன். விண்ணப்பம் இன்றைக்கே முன்னுக்குப் போகும்" என்றான். வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "என் அனுதாபங்கள், சிஞ்ஞோரா" என்றான்.

"கிராட்சியே" என்று பதில் வந்தது. மன்னார்க்காரியின் இத்தாலியத்தில், ஜசிந்தாவின் சொந்தக் குரலில்.

அவள் நாற்காலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதிதாக ஒரு வீட்டுக்குள் வந்தவள் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ரை சிஞ்ஞோரா செத்துப்போனா, அக்கா" என்றாள். "எனக்கு வேலையில்லை."